சேலத்துப் பழைய வீட்டை அரசின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்க்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் செவ்வாய்ப்பேட்டைக்காரர், பணி ஓய்வு பெற்றவர். மகனைப் பார்க்கக் கலிஃபோர்னியா போன இடத்தில், சாலையோரம் "மாநில வரலாற்றுச் சின்னம்" என்று எண் போட்ட பலகைகளைப் பார்த்திருக்கிறார். லீ பஜார் பக்கம் இவர்களுக்குத் திண்ணையும் முற்றமும் தேக்கு உத்திரமுமாக நூறு வருடம் தாண்டிய வீடு ஒன்று இருக்கிறது. பங்காளிகளில் சிலர் இடித்துக் கடை கட்டலாம் என்கிறார்கள். நம் மாநிலத்திலும் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறதா, வீட்டை அதில் சேர்த்தால் இடிப்பதைத் தடுக்க முடியுமா, சேர்த்த பிறகு நமக்கே தொல்லையாகிவிடுமா என்பது கேள்வி.

ஐயா, நீங்கள் அங்கே பார்த்த மாதிரி ஒரே பதிவேடு இங்கே கிடையாது. நம்மிடம் இருப்பவை தனித்தனிப் பட்டியல்கள். ஒன்று டெல்லியில் மத்திய அரசிடம், ஒன்று மாநிலத் தொல்லியல் துறையில், ஒன்று அறநிலையத் துறையில். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் வீடு இந்த மூன்றிலும் சுலபமாக நுழையாது. நான்காவதாக ஒரு கதவு தாமதமாகத் திறந்திருக்கிறது. உங்களுக்கு ஏதாவது நடக்குமென்றால் அந்த வழியாகத்தான். அதற்கு முன் மற்றவை எப்படி இயங்குகின்றன என்று தெரிந்துகொண்டால்தான் எந்த மேசையில் மனுவை வைப்பது என்று புரியும்.

கலிஃபோர்னியாவிலிருந்தே தொடங்குவோம். அங்கே மாநிலச் சின்னங்களைப் பதிவது 1932ல் ஆரம்பித்தது. எண் 1, மான்டரே துறைமுகத்தின் பழைய சுங்க அலுவலகம். இன்று எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மாநிலத்திலோ ஒரு பெரிய வட்டாரத்திலோ அந்த வகையில் முதலாவது, கடைசியாக மிஞ்சியது, ஒரே ஒன்று, அல்லது மிக முக்கியமானது என்று காட்ட வேண்டும். உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். இதைத் தவிர, 1966ல் அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தின் கீழ் ஒரு தேசியப் பதிவேடும் உண்டு. பொதுவாக ஐம்பது வருடம் ஆன கட்டடம் அதற்குத் தகுதி பெறும். தேசியப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது என்பதற்காக மட்டும், தன் சொந்தப் பணத்தில் மாற்றம் செய்யும் வீட்டுக்காரரை மத்திய அரசு தடுக்காது. கையைக் கட்டுவது பெரும்பாலும் நகராட்சியின் உள்ளூர் விதிதான். பதிலுக்கு ஆதாயமும் உண்டு. மில்ஸ் சட்டம் என்று 1972ல் ஒன்று கொண்டுவந்தார்கள். வீட்டைப் பழைய தோற்றத்தில் பேணுவேன் என்று நகராட்சியோடு குறைந்தது பத்து ஆண்டு ஒப்பந்தம் போட்டால் சொத்துவரி குறையும். நான் பெரிதாக மதிப்பது பலகையை அல்ல, இந்த வரிச் சலுகையைத்தான். பலகை வைத்தால் வழிப்போக்கர் நின்று படிப்பார். ஓடு மாற்றுகிற செலவை அவரா தருவார்?

அதே 1966ல்தான் நம் மாநிலமும், அப்போது மதராஸ் மாநிலம், தன் பழங்கால நினைவுச் சின்னங்களுக்கான சட்டத்தை இயற்றியது. ஆண்டுதான் ஒன்று. போன பாதை வேறு.

முதலில் டெல்லிப் பட்டியல். இதன் வேர் வைஸ்ராய் கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் முன்பே ராபர்ட் சீவெல் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1880களில் சென்னை மாகாணத்தின் தொல்பொருள் இடங்களை மாவட்டவாரியாகத் தொகுத்து அச்சிட்டிருந்தார். வெள்ளைக்கார அதிகாரிகளின் கண்ணுக்குப் பட்டது கோட்டை, குடைவரை, கல்வெட்டுள்ள கோவில் ஆகியவை. அந்தத் தேர்வின் சாயல் இன்றைய பட்டியல் வரை தொடர்கிறது என்பது என் எண்ணம். இப்போது நடப்பில் இருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தது நூறு ஆண்டு பழமை வேண்டும். அரசு முதலில் அறிவிக்கையை வெளியிட்டு, அதன் நகலை அந்த இடத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி, இரண்டு மாதம் ஆட்சேபம் கேட்கும். பிறகு உறுதி செய்யும்.

நம் மாவட்டத்தில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சங்ககிரி மலைக்கோட்டை. தீரன் சின்னமலை 1805ல் தூக்கிலிடப்பட்ட இடம். ஆடிப்பெருக்கன்று அரசு விழா நடப்பதால், தொல்லியலில் அக்கறை இல்லாதவர்களும் அங்கே போய் வருகிறார்கள். அடிவாரத்தில் மனை வாங்குகிறவர்களுக்குத்தான் சட்டம் நேரடியாக உறைக்கும். 2010ல் திருத்தம் வந்தபின், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பங்காளிகளிடம் இதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அவர்கள் பயப்படுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் வாசலிலிருந்து 100 மீட்டர் என்றால் எத்தனை மண்டி, எத்தனை வெள்ளிப் பட்டறை என்று எண்ணிப் பாருங்கள். இந்தச் சட்டம் ஊருக்கு வெளியே தனியாக நிற்கிற கோட்டைக்கும் குகைக்கும் பொருந்துகிறது. நெரிசலான பேட்டைக்குள் இதைக் கொண்டுவந்தால் தெருவே எதிரியாகிவிடும். ஆள் குடியிருக்கும் சாதாரண வீடு இப்படி அறிவிக்கப்படுவதும் மிக அரிது.

மாநிலப் பட்டியலைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பராமரிக்கிறது. 1961ல் தொடங்கிய துறை. மத்திய அரசு எடுத்துக்கொள்ளாத சின்னங்களை 1966 சட்டப்படி இது தன் பாதுகாப்பில் எடுக்கிறது. முறையும் ஏறத்தாழ அதேதான். அறிவிக்கை, ஆட்சேபம், உறுதி. இங்கேயும் குடும்பம் வாழும் வீட்டுக்கு இடம் குறைவு.

மூன்றாவது, அறநிலையத் துறையின் பதிவேடுகள். இவை கோவில், அதன் சொத்து, நகை, நிலம் பற்றியவை. வரலாற்றுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனால் நம் மாவட்டத்தின் பெரும்பங்கு வரலாறு இவற்றுக்குள்தான் கிடக்கிறது. தாரமங்கலம் கைலாசநாதர் கோவிலையே பாருங்கள். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகளின் கொடை. ஒரு தூணில் வில்லோடு ராமன், இன்னொரு தூணில் வாலி. ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியின் இடத்திலிருந்து ராமன் தெரியமாட்டான். அப்படிப்பட்ட சிற்பம் பிழைத்திருப்பதும் பழுதாவதும் திருப்பணி செய்கிறவரின் ருசியைப் பொறுத்தது.

ஒரே கல்லைப் பற்றி இரண்டு துறைகள் இரண்டு விதமாகப் பதிந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சேலம் நகரத்துக்குள்ளேயே ஒரு வழக்கு இருக்கிறது. பெரியேரி கோட்டை சாலையில் தலைவெட்டி முனியப்பன் கோவில். கும்பிடுகிறவர்களுக்கு அது முனியப்பன். அறநிலையத் துறைக்கு அது தன் கட்டுப்பாட்டில் உள்ள கோவில். அது புத்தர் சிலை என்று சொல்லி 2011ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் தொல்லியல் துறையை நேரில் ஆராயச் சொன்னது. தாமரைப் பீடத்தின் மேல் அமர்ந்த கோலம், தியானத்தில் வைத்த கைகள், சுருள்முடி, நீண்ட காது ஆகிய இலக்கணங்களைக் கொண்டு, இது புத்தர்தான், துண்டான தலையைப் பிற்பாடு சிமெண்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அறிக்கை வந்தது. 2022 ஜூலையில் தீர்ப்பு: இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள வேண்டும், இது புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், ஆனால் பூசை கூடாது.

சிலை எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறகளூர், தியாகனூர் பக்கம் போனால் அதே மரபில் உட்கார்ந்திருக்கும் புத்தர்களைப் பார்க்கலாம். தியாகனூரில் மட்டுமே இரண்டு. சேலத்தின் கிழக்குப் பகுதியில் பௌத்தம் வேர்விட்டிருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் முனியப்பனுக்குப் பொங்கல் வைத்த தலைமுறைகளும் அந்த இடத்தின் வரலாறுதான். நம் சட்டத்துக்கு இரண்டையும் ஒரே பலகையில் எழுதத் தெரியவில்லை. இந்த வழக்கில் ஒன்று கும்பிடுகிற இடம், இல்லையென்றால் பார்க்கிற இடம் என்றாகிவிட்டது. நடுவில் எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுக்கும் இதுவே சிக்கல். குடியிருந்துகொண்டே பாதுகாக்கிற நிலை பழைய சட்டங்களின் கீழ் நடைமுறையில் அரிது.

ஏற்காட்டுக்குப் போனால் இந்த நடுவிடம் எவ்வளவு பெரியது என்று தெரியும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுபோனார். அவர் காலத்து கிரேஞ்ச் பங்களாதான் ஏற்காட்டின் மிகப் பழைய ஐரோப்பியக் கட்டடம் என்பார்கள். அதன் பிறகு எஸ்டேட் எஸ்டேட்டாக பங்களாக்கள், காப்பிக் களங்கள், பள்ளிகள், தேவாலயங்கள். பெரும்பாலும் தனியார் அல்லது திருச்சபைச் சொத்து. நூறு வருடம் தாண்டியவை நிறைய. ஆனால் கோட்டையும் அல்ல, குகையும் அல்ல. ஒரு எஸ்டேட் கைமாறி, புது முதலாளிக்குத் தங்கும் விடுதி வேண்டுமென்றால், பங்களா நிற்பதும் போவதும் அவர் மனசு.

மலைப்பகுதிக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஏற்காட்டில் கட்டடம் கட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் குறுக்கே வரும், உண்மை. சரிவு எவ்வளவு, உயரம் எவ்வளவு, மரம் வெட்டலாமா என்று அது பார்க்கும். இடிக்கப்போகிற கட்டடம் யார் கட்டியது என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

ஏற்காடு என்றதும் எனக்கு நினைவு வரும் ஆள் ராபர்ட் புரூஸ் ஃபுட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். 1863ல் பல்லாவரத்தில் செம்மண் குழி ஒன்றில் ஒரு கல்லை எடுத்து, இது மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று அடையாளம் கண்டவர். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதே அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியேறினார். சேர்வராயன் மலையிலும் கற்கருவிகளைப் பொறுக்கினார். அவருடைய சேகரிப்பை 1904ல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. 1912 கடைசியில் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்துக்கு வந்தது. ஏரியில் படகு விட்டு, பக்கோடா பாயின்ட் பார்த்து, மிளகாய் பஜ்ஜி தின்று இறங்கிவிடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த வளாகத்தில் கால் வைத்திருப்பார்கள்? கலிஃபோர்னியாவாக இருந்தால் கொண்டை ஊசி வளைவிலேயே எண் போட்டு அம்புக்குறி வைத்திருப்பார்கள்.

மலையிலிருந்து இறங்கினால் அதே ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய படப்பிடிப்பு நிலையம். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள், தமிழின் முதல் வண்ணப்படம் உட்பட, இந்தக் காம்பவுண்டுக்குள்ளிருந்து வந்தவை. பின்னாளில் முதல்வரான சிலரின் சினிமா வாழ்க்கை இந்த வாசலைக் கடந்தது. நிலையம் போய்க் குடியிருப்பாகிவிட்டது, மிஞ்சியது முகப்பு வளைவு. சில வருடம் முன்பு வளைவு நிற்கும் நிலம் நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தகராறு கிளம்பியபோது ஊரே பேசியது. பட்டியல் என்ற நோக்கில் பார்த்தால் அதற்கு வழி குறுகலானது. மத்தியச் சட்டம் கேட்கும் நூறு வருடம் இன்னும் ஆகவில்லை. அமெரிக்க ஐம்பது வருடக் கணக்கில் எப்போதோ தேறியிருக்கும். சினிமா, ஆலை, ரயில், அணை என்று இருபதாம் நூற்றாண்டுச் சேலத்துக்கு நூறு வருட விதி சற்றும் பொருந்தாத சட்டை.

இனி அந்த நான்காவது கதவு. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் என்று 2012ல் ஒன்று இயற்றினார்கள். 1958, 1966 சட்டங்கள் தொடாத பாரம்பரியக் கட்டடங்களை, தெருக்களை, பகுதிகளை அடையாளம் கண்டு, எப்படிக் காப்பது என்று அரசுக்கு ஆலோசனை சொல்ல ஓர் ஆணையம் அமைப்பது அதன் நோக்கம். அந்த நடுவிடத்துக்கென்றே எழுதப்பட்ட சட்டம். சட்டமன்றத்தில் நிறைவேறியும் பத்து வருடத்துக்கு மேல் நடைமுறைக்கு வராமல் கிடந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்த இடைவெளியில் நம் ஊர்களில் எத்தனை முற்றங்கள் போயின என்று யாரும் எண்ணவில்லை. எண்ணுவதற்குப் பட்டியலும் இல்லை.

சென்னைக்கு மட்டும் ஓரளவு முன்பே வழி பிறந்தது. மவுண்ட் ரோட்டில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கப் போனபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் என்ற தன்னார்வ அமைப்பு நீதிமன்றம் போனது. 2010ல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் அது தப்பியது. அந்த வழக்கின்போது, நீதிபதி பத்மநாபன் குழு முன்பே தொகுத்திருந்த நானூற்றுச் சொச்சம் கட்டடங்களின் பட்டியல் ஆதாரமாகக் கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டியது என்ன? யாரோ முன்கூட்டியே பெயரையும் இடத்தையும் எழுதி வைத்திருந்தார்கள். இடிக்கும் இயந்திரம் வந்து நின்ற பிறகு, இது பழசு, இது அருமை என்று வாயால் சொன்னால் எந்த நீதிமன்றமும் எதைப் பிடித்துக்கொண்டு தடை கொடுக்கும்?

உங்கள் மூன்று கேள்விக்கு வருகிறேன்.

இடிப்பதைத் தடுக்குமா என்றால், இன்றைய நிலையில் மனு கொடுத்ததாலேயே தடுக்காது. ஆணையம் அரசுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு. முடிவு அரசின் கையில். அதற்குள் பங்காளிகள் பாகப்பிரிவினை போட்டு அவரவர் பங்கை இடிக்க ஆரம்பித்தால் பட்டியல் வந்து குறுக்கே படுக்காது. ஆகவே குடும்பத்துக்குள் உடன்பாடுதான் முதல் வேலை. முன்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு பின்கட்டில் கடையோ கிடங்கோ கட்டுவது பற்றிப் பேசிப் பாருங்கள். லீ பஜார் பக்கம் இடத்துக்கு இருக்கும் வாடகை மதிப்பில், முழுவதையும் பூட்டி வைத்து அழகு பார்க்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் கேட்கமாட்டேன்.

தொல்லையாகுமா என்ற பயம் நியாயமானது. மத்திய, மாநிலப் பழைய சட்டங்களின் கீழ் போனால் ஆணி அடிப்பதற்கும் கேட்க வேண்டிவரலாம், அரசே கையகப்படுத்தும் அதிகாரமும் அவற்றில் உண்டு. அந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை. மில்ஸ் சட்டம் போல வரியைக் குறைக்கிற ஏற்பாட்டை நம் மாநகராட்சிகளும் கொண்டுவந்தால் நிலைமை மாறும். அதைக் கேட்டு எழுதுவதும் மனுவில் ஒரு வரியாக இருக்கட்டும்.

எப்படிச் சேர்ப்பது? ஆவணத்தை முதலில் தயார் செய்யுங்கள். நகர நில அளவை எண், பட்டா, நில அளவை வரைபடம், கிடைக்கிற மிகப் பழைய கிரயப் பத்திரம், பழைய வீட்டு வரி ரசீது. வயதைக் காட்டுவது இவைதான், "எங்கள் பாட்டி சொல்வார்" என்பது அல்ல. பிறகு படங்கள். தெருவிலிருந்து முகப்பு, திண்ணைத் தூண்கள், முற்றத்தின் நான்கு பக்கம், உத்திரம் சுவரில் உட்காரும் இடம், மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிய) தளம் இருந்தால் கீழிருந்து அதன் செங்கல் வரிசை, கதவு நிலையில் செதுக்கிய வேலை. ஒவ்வொன்றிலும் ஓர் அளவுகோல் தெரிய வேண்டும். வாஸ்துக்காரரை வைத்து அல்ல, கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் இரண்டு பேரை வைத்துத் தரைப்படம் போடுங்கள். இடிந்தே போனாலும் அது மிஞ்சும்.

அதோடு, வீடு எதற்காக முக்கியம் என்று அரைப் பக்கம். பழசு என்பது காரணமாகாது. செவ்வாய்ப்பேட்டை மண்டி வணிகத்தில் அந்த வீட்டுக்கு என்ன பங்கு, முன்கட்டில் கணக்கு எழுதினார்களா, மூட்டை இறக்கினார்களா, வெள்ளிப் பட்டறை இருந்ததா, அதே மாதிரி வீடு தெருவில் இன்னும் எத்தனை நிற்கிறது. கலிஃபோர்னியாக்காரர்கள் கேட்கும் "முதலாவதா, கடைசியா, ஒன்றே ஒன்றா" என்ற கேள்வியை இங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் தானாகக் கூர்மையாகும். முடிந்தால் தனி வீடாக அல்லாமல், அந்தத் தெருவில் இதே வயதுள்ள நாலைந்து வீட்டுக்காரர்களைச் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுங்கள். தெருவாகப் போனால் பகுதி என்ற கணக்கில் வரும். அதற்கும் சட்டத்தில் இடமுண்டு.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கும், சென்னையில் தொல்லியல் துறைக்கும், மாநகராட்சி ஆணையருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது கிடைக்கும், பின்னால் தொடர்வதற்கு அது வேண்டும். சேலம் அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமும் ஒரு நகல் கொடுங்கள். அதிகாரம் இல்லாவிட்டாலும் உள்ளூரில் இந்த விஷயம் புரிகிற அலுவலகம் அது. இன்டாக் பட்டியலில் சேர்க்கச் சொல்லியும் எழுதலாம். சட்ட வலு கிடையாது, ஆனால் நாளை வழக்கு என்று வந்தால் மூன்றாவது ஆள் முன்பே எழுதி வைத்த சான்றாக நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. வீட்டுக்குள் பூசை அறையிலோ பரணிலோ நூறு வருடம் தாண்டிய ஐம்பொன் அல்லது கல் சிலை, பழைய ஓவியம் ஏதாவது இருந்தால், அதற்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனிப் பதிவு உண்டு, வீடு பட்டியலில் ஏறினாலும் ஏறாவிட்டாலும். பாகப்பிரிவினைக்கு முன்பே அதைப் பதிவு அலுவலரிடம் காட்டிச் சான்று வாங்கிவிடுங்கள். பங்கு பிரிந்து சிலை கைமாறிய பிறகு, அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு.